ராக்கெட்டை உலகமே பார்த்தது... செய்தவர் பெயர் மட்டும் ரகசியம்! செர்கேய் கொரோலியோவின் கதை

1966 ஜனவரி 16. மாஸ்கோவில் அன்றைய பிராவ்தா நாளிதழைப் பிரித்தவர்களின் கண்ணில் ஒரு புகைப்படம் பட்டது. அகன்ற முகம், குட்டைக் கழுத்து, கோட்டில் பதக்கங்கள். கீழே செர்கேய் பாவ்லோவிச் கொரோலியோவ் என்று ஒரு பெயர். இரண்டு நாள்களுக்கு முன்பு அவர் இறந்துவிட்டார் என்றது செய்தி.

யாருப்பா இவர்? பெரும்பாலானவர்கள் அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். உலகின் முதல் செயற்கைக்கோளை அனுப்பிய ராக்கெட் இவர் உருவாக்கியது. யூரி ககாரினை விண்வெளிக்குக் கொண்டுபோன ராக்கெட்டும் அதே குடும்பம்தான். அதற்கு முந்தைய 8 ஆண்டுகளும் சோவியத் செய்திகளில் அவர் தலைமை வடிவமைப்பாளர், அவ்வளவுதான். பெயர் கிடையாது, முகம் கிடையாது.

நாம ஒரு குறும்படம் எடுத்தாலே, டீ வாங்கிட்டு வந்த நண்பன் பேரைக்கூட நன்றி கார்டுல போடுவோம். இவரோ மனித குலத்தையே வானத்துக்கு ஏற்றிவிட்டு, யாரென்றே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அவரைக் கொன்றது எது தெரியுமா? 28 வருடங்களுக்கு முன்பு அதே அரசாங்கம் கொடுத்த ஒரு காயத்துக்கும் அதில் பங்கு உண்டு.

தாத்தா தோள் மேல பார்த்த விமானம்

1907 ஜனவரி 12, இன்றைய உக்ரைனில் இருக்கும் ஷிட்டோமிர் நகரத்தில் பிறந்தார் கொரோலியோவ். பெற்றோருக்குள் ஒத்துவரவில்லை. அம்மா பிரிந்து வந்துவிட்டார். அப்பா இறந்துவிட்டதாகவே மகனிடம் சொல்லி வளர்த்தார்கள். நிஷின் என்ற சிறிய ஊரில் தாத்தா, பாட்டி வீட்டில், விளையாட ஆள் இல்லாத ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தார்.

1911-ல் அந்த ஊருக்கு ஒரு விமானம் வந்தது. அந்தக் காலத்தில் விமானம் என்றால் திருவிழாதான். டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். தாத்தாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு அது தரையை விட்டு எழும்பியதைப் பார்த்த பையனுக்கு வயது நான்கு.

குடும்பம் பிறகு கடலோர நகரமான ஒடெசாவுக்குப் போனது. அங்கே கட்டுமானத் தொழிற்பள்ளியில் சேர்ந்து கூரை வேயும் வேலை படித்தார். மனசு என்னவோ துறைமுகத்தில் நின்ற கடல் விமானங்கள் மேலேதான். 17 வயதில் சொந்தமாக ஒரு க்ளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், வடிவமைத்துவிட்டார். கீவில் பொறியியல், அங்கிருந்து மாஸ்கோ. மாஸ்கோவில் அவருடைய இறுதி ஆண்டுப் பணிக்கு வழிகாட்டியவர் ஆந்த்ரேய் துபோலெவ், சோவியத் நாட்டின் மிகப் பெரிய விமான வடிவமைப்பாளர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு விசித்திரமான இடத்தில் மறுபடி வருவார்.

1931-ல் மாஸ்கோவில் ராக்கெட் பைத்தியம் பிடித்த சில இளைஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். கொரோலியோவ் அதில் முக்கியமான ஆள். 1933 ஆகஸ்ட் 17 அன்று அவர்களுடைய முதல் ராக்கெட் பறந்தது. ஏறிய உயரம் சுமார் 400 மீட்டர். இன்றைக்குக் கல்லூரிப் பசங்க அதைவிட உயரமா விடுறாங்க. ஆனால், அன்று அதைப் பார்த்த ராணுவம் இந்த விஷயத்தில் ஏதோ இருக்கிறது என்று நம்பியது. அரசே ஒரு ராக்கெட் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. கொரோலியோவுக்கு வயது 26. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு இரவில் எல்லாம் போச்சு

1937-ல் ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்தது. ராக்கெட் ஆய்வுக்கு ஆதரவாக இருந்த மார்ஷல் துகாசெவ்ஸ்கி துரோகி என்று சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு கொடியைப் பிடித்து இழுத்தால் பந்தலே சரிவது மாதிரி, அவரோடு தொடர்புடையவர்கள் வரிசையாக மாட்டினார்கள். ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரும் தலைமைப் பொறியாளரும் 1938 ஜனவரியில் கொல்லப்பட்டார்கள். மார்ச் மாதம் இன்ஜின் நிபுணர் வாலன்டின் க்ளுஷ்கோ கைதானார். ஜூன் 27 இரவு கொரோலியோவின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவருடைய மகள் நடாலியாவுக்கு அப்போது மூன்று வயது.

ராக்கெட் வேலையை வேண்டுமென்றே கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அடித்து விசாரித்தார்கள். அதில் தாடை எலும்பு உடைந்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். 10 ஆண்டு தண்டனை. உடைந்த தாடை சரியாகக் கூடவே இல்லை. அதற்குப் பிறகு அவரால் வாயை முழுதாகத் திறக்க முடியாது.

அனுப்பிய இடம் கோலிமா. சோவியத் நாட்டின் கிழக்குக் கோடி. அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தில், ரத்தம் உறையும் குளிரில், கைதியாக மண் சுமந்தார். காய்கறி இல்லாத சாப்பாட்டால் ஸ்கர்வி வந்தது, பற்கள் கொட்டின. சில மாதங்களிலேயே உயிர் போயிருக்கும்.

மாஸ்கோவில் அவருடைய அம்மா சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு மனு மேல் மனு எழுதினார். நாடறிந்த விமானிகள் இருவரைப் பிடித்து மகனுக்காகப் பேசவைத்தார். வழக்கை மறுபடி விசாரிக்க முடிவானது. 1939 கடைசியில் மாஸ்கோவுக்குத் திரும்பக் கிளம்பினார். துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்குள் ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது. அந்தக் கப்பல்தான் டிசம்பரில் ஜப்பான் கரையோரம் மூழ்கி 700-க்கும் மேற்பட்டவர்களைக் காவு வாங்கிய இண்டிகிர்கா என்று சொல்லப்படுகிறது.

மறுவிசாரணையிலும் விடுதலை இல்லை, தண்டனை 8 ஆண்டாகக் குறைந்தது. ஆனால், இந்த முறை போன இடம் வேறு. கைதிகளையே வைத்து விமானம் வடிவமைக்கும் சிறை அது. அங்கே தலைவராக உட்கார்ந்திருந்தவர் யார்? அதே துபோலெவ். அவரும் கைதிதான்! வாத்தியாரும் மாணவரும் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து போர் விமானத்துக்குப் படம் வரைந்தார்கள். பிறகு கசான் நகரத்துச் சிறைக்கு மாற்றப்பட்டு, அங்கே க்ளுஷ்கோவுக்குக் கீழே வேலை. 1944-ல்தான் விடுதலை. குற்றமே செய்யவில்லை என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள 1957 வரை ஆனது.

இவ்வளவு நடந்த பிறகு ஒருவர் என்ன செய்வார்? ஊருக்குப் போய் ஒதுங்கி இருப்பார். இவர் நேராக ராக்கெட்டுக்கே திரும்பிப் போனார்.

குண்டு கனம்... அதுதான் அதிர்ஷ்டம்

போர் முடிந்ததும் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். ஹிட்லரின் ஆட்கள் செய்த வி-2 ராக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, அதைத் தங்கள் நாட்டில் செய்துகாட்டுவதுதான் வேலை. 1948-ல் அதன் சோவியத் நகல் ஆர்-1 பறந்தது. பிறகு ஒவ்வொன்றாக எட்டுவைத்து ஆர்-7 வரை வந்தார்.

இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். ராணுவம் கேட்டது செயற்கைக்கோள் ராக்கெட் கிடையாது. அமெரிக்கா வரை ஹைட்ரஜன் குண்டைக் கொண்டுபோகும் ஏவுகணை. அன்றைய குண்டோ பயங்கர கனம். குண்டும் அதைப் பொதிந்த முனையும் சேர்த்துச் சுமார் 5.5 டன் என்று கணக்குக் கொடுத்தார்கள். கண்டம் தாண்டி 5.5 டன்னைத் தூக்கிப் போட வேண்டுமென்றால் அதுவரை யாரும் செய்யாத அளவுக்குப் பெரிய ராக்கெட் வேண்டும்.

எப்படிச் செய்தார்? அன்றைக்கு வானத்தில் காற்றில்லாத இடத்தில் இன்ஜினைப் பற்றவைக்க முடியுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சரி, எல்லாவற்றையும் தரையிலேயே பற்றவைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். நடுவில் ஒரு ராக்கெட், அதைச் சுற்றி நான்கு பக்க ராக்கெட்டுகள். ஐந்தும் ஒரே நேரத்தில் எரியும். சுமார் இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் இருக்கும் நான்கும் கழன்று விழ, நடுவில் இருப்பது மட்டும் தொடரும். அவை நான்கும் பிரியும்போது தரையிலிருந்து பார்த்தால் வானத்தில் ஒரு சிலுவை வடிவம் தெரியும். அதற்கு இன்றும் கொரோலியோவ் சிலுவை என்றே பெயர்.

அடுத்த பிரச்னை இன்ஜின். பெரிய எரிகலனில் எரிபொருள் சீராக எரியாமல் அதிர்ந்து, கலனையே உடைத்தது. க்ளுஷ்கோ ஒரு யோசனை செய்தார். ஒரே பம்பில் நான்கு சின்ன எரிகலன்களைச் சேர்த்துவிட்டார். நாலு பர்னர் வைத்த கேஸ் அடுப்பு மாதிரி! மொத்தம் 5 இன்ஜின், 20 எரிகலன். எரிபொருள் மண்ணெண்ணெய், எரிக்க உதவுவது திரவ ஆக்சிஜன்.

1957 மே 15, கஜகஸ்தானின் பொட்டல்வெளியில் இருக்கும் பைக்கனூரில் முதல் முயற்சி. தோல்வி. ஜூனில் அடுத்தது மேலே கிளம்பவே இல்லை. ஜூலையில் மறுபடி தோல்வி. ஒருமுறை நாசவேலைக்காரன் பட்டம் கட்டி ஜெயிலுக்கு அனுப்பப்பட்ட மனிதருக்கு, ஒவ்வொரு தோல்வியிலும் வயிற்றில் என்ன கரைந்திருக்கும்! ஆகஸ்ட் 21 அன்று ராக்கெட் 6,000 கிலோமீட்டர் தாண்டிப் போய் விழுந்தது.

ஏவுகணை என்ற வகையில் ஆர்-7 உண்மையில் சுமார்தான். எரிபொருள் நிரப்பவே பல மணி நேரம். திரவ ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நிரப்பி வைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது. எதிரி வரும்போது, கொஞ்சம் பொறு, டேங்க் போட்டுட்டு வரேன்னு சொல்ல முடியுமா? அதனால் ஆயுதமாக அதை மிகச் சில இடங்களில்தான் நிறுத்தினார்கள். ஆனால், 5.5 டன்னுக்காகக் கட்டிய அந்த அளவுக்கு மீறிய பலம் இருக்கிறதே, அது விண்வெளிக்குப் போக அப்படியே பொருந்தியது. அது கொரோலியோவுக்கு முன்பே தெரியும். 1954-லேயே செயற்கைக்கோள் அனுப்பலாம் என்று அரசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

83.6 கிலோ பந்தும் 14 கிலோ போட்டியும்

முதலில் போட்ட திட்டம் ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள ஆய்வுக் கோள். அது தயாராகத் தாமதமானது. அமெரிக்கா முந்திவிடுமோ என்ற பயத்தில், எளிமையான ஒன்றைச் செய்யச் சொன்னார். 58 சென்டிமீட்டர் குறுக்களவில் பளபளவென்று ஒரு உலோகப் பந்து. உள்ளே பேட்டரி, ரேடியோ டிரான்ஸ்மிட்டர். வெளியே நான்கு ஆன்டெனா. எடை 83.6 கிலோ. பெயர் ஸ்புட்னிக்.

1957 அக்டோபர் 4 அன்று அது பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. அதன் பீப் பீப் சத்தத்தை வீட்டில் இருந்த ரேடியோ ஆர்வலர்கள்கூடக் கேட்டார்கள். அமெரிக்கா அதிர்ந்துபோனது. அவர்களுடைய முதல் செயற்கைக்கோள் 1958 ஜனவரி 31-ல் போனபோது எடை சுமார் 14 கிலோ. கொரோலியோவோ அதே ஆண்டு மே மாதம், முதலில் தாமதமான அந்த ஆய்வுக் கோளை அனுப்பினார். எடை 1,327 கிலோ!

அமெரிக்க ராக்கெட்டை வடிவமைத்த வெர்னர் வான் பிரவுன் பத்திரிகை அட்டைகளில் சிரித்துக்கொண்டிருந்தார், டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில்கூட வந்தார். கொரோலியோவ்? எதிரி நாட்டு உளவாளிகள் கொன்றுவிடுவார்கள் என்று காரணம் சொல்லி, பெயரை வெளியிடவே அரசு அனுமதிக்கவில்லை. பிராவ்தாவில் விண்வெளி பற்றி எழுதும்போதும் பேராசிரியர் கே. செர்கேயெவ் என்ற புனைபெயரில்தான் எழுதினார். ஸ்புட்னிக்குக்கு நோபல் பரிசு கொடுக்கலாம், யார் செய்தது என்று கேட்டு வந்ததாகவும், மொத்த சோவியத் மக்களும்தான் என்று தலைவர் குருஷேவ் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

ஒரே கூண்டு, இரண்டு வேலை

அடுத்தது மனிதனை அனுப்ப வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணம் ராணுவத்திடம்தான் இருந்தது. அவர்களுக்கோ விண்வெளி வீரரால் என்ன லாபம்? எதிரி நாட்டை மேலேயிருந்து படம் எடுக்கும் உளவுக் கோள்தான் தேவை.

கொரோலியோவ் இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டார். மனிதனை உட்காரவைத்துப் பத்திரமாகத் தரையிறக்கும் உருண்டைக் கூண்டில், மனிதனுக்குப் பதில் கேமராவை வைத்தால் படச்சுருளும் பத்திரமாகத் திரும்பி வரும் இல்லையா? அப்படித்தான் வோஸ்டாக் விண்கலமும் ஜெனித் உளவுக் கோளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாகப் பிறந்தன. 1961 ஏப்ரல் 12-ல் அந்தக் கூண்டில் ககாரின் போனார். 108 நிமிடத்தில் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ல் கேமரா போனது. வெளியே சொன்ன பெயர் காஸ்மாஸ் 4, அறிவித்தது அறிவியல் ஆய்வு என்று.

ககாரினை அவருக்கு ஏன் பிடித்துப்போனது என்பதற்கும் ஒரு கதை சொல்வார்கள். விண்கலத்தை முதன்முதலாகக் காட்டியபோது, உள்ளே ஏறும் முன் ககாரின் ஷூவைக் கழற்றினாராம். நம்ம வீட்டு வாசல்ல நாம செய்யறதுதான். தன் குழந்தை மாதிரி அந்தக் கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! ககாரின் மாஸ்கோவில் ஊர்வலம் வந்தபோது உலகமே அந்தச் சிரிப்பைப் பார்த்தது. அந்த விழாச் செய்திகளில் கொரோலியோவ் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

30 இன்ஜின் வைத்த ராட்சசன்

அடுத்த கனவு என்-1. ராணுவத்தின் பெரிய கோள்களையும், சந்திரனுக்கும் அப்பாலும் போகும் கலங்களையும் தூக்கும் ராட்சச ராக்கெட். 105 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 2,800 டன் எடை. இதில்தான் க்ளுஷ்கோவோடு பெரிய சண்டை வந்தது. நிரப்பி வைத்துக் காத்திருக்கக்கூடிய, ஆனால் கடும் விஷமான எரிபொருள்தான் வேண்டும் என்றார் க்ளுஷ்கோ. மனிதன் ஏறும் ராக்கெட்டில் விஷமா என்று மறுத்தார் கொரோலியோவ். பல வருட சிநேகிதம் முறிந்தது. நாட்டின் மிகச் சிறந்த இன்ஜின் நிபுணர் விலகிக்கொள்ள, விமான இன்ஜின் செய்துகொண்டிருந்த நிகோலாய் குஸ்நெத்சோவிடம் போனார்கள். அவரால் அப்போது சின்ன இன்ஜின்கள்தான் செய்ய முடிந்தது. அதனால் அடிப்பகுதியில் மட்டும் 30 இன்ஜின். அத்தனையையும் தரையில் ஒன்றாக எரித்துச் சோதிக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

அந்த ராக்கெட் பறப்பதை அவர் பார்க்கவில்லை. 1966 ஜனவரியில் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். ஜனவரி 14, சுகாதார அமைச்சராகவும் இருந்த அறுவை சிகிச்சை நிபுணரே ஆபரேஷன் செய்தார். உள்ளே பெரிய கட்டி இருந்தது. ரத்தப்போக்கு. மூச்சுக்குழாய் செருக முயன்றபோது வாய் தேவையான அளவுக்குத் திறக்கவில்லை. 1938-ல் உடைந்த அதே தாடை. ஏற்கெனவே பலவீனமாக இருந்த இதயம் நின்றுபோனது. 59 வயது முடிந்து இரண்டே நாள்.

அதன் பிறகுதான் அரசாங்கம் அவருடைய பெயரை வெளியே சொன்னது. கிரெம்ளின் சுவரில் அவருடைய அஸ்தியை வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போது தர முடியாததை, எல்லோருக்கும் தெரியும்படி கொடுத்தார்கள்.

என்-1 நான்கு முறை கிளம்பியது, நான்கு முறையும் தோற்றது. 1969 ஜூலை 3 அன்று ஏவுதளத்திலேயே விழுந்து வெடித்தது. அடுத்த 17 நாளில் அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கிவிட்டார்கள். 1974-ல் திட்டத்தை மூடினார்கள். அழிக்கச் சொன்ன இன்ஜின்களை அழிக்காமல் பதுக்கி வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அவற்றை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்கா! 2013-ல் ஒரு அமெரிக்க ராக்கெட் அவற்றின் பலத்தில்தான் விண்வெளிக்குப் போனது.

நமக்கும் ஒரு கடன் இருக்கு

இந்தக் கதை நமக்கு எங்கோ தூரத்தில் நடந்தது இல்லை. 1984 ஏப்ரல் 3-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போன சோயுஸ் ராக்கெட், ஆர்-7 குடும்பம். 1988 மார்ச் 17-ல் இந்திய அரசின் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோள் பைக்கனூரிலிருந்துதான் கிளம்பியது. நம் வயல்களையும் காடுகளையும் நீர்நிலைகளையும் மேலேயிருந்து தொடர்ந்து படமெடுத்து அனுப்பிய 975 கிலோ கோள் அது. அந்த அளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்க நம்மிடம் அப்போது சொந்த ராக்கெட் இல்லை. தூக்கிப் போனது வோஸ்டாக் ராக்கெட். அதுவும் ஆர்-7 குடும்பம்தான்.

1957-ல் பறந்த அதே அமைப்பு, நடுவில் ஒன்று, சுற்றி நான்கு, இன்றைய சோயுஸ் ராக்கெட்டிலும் மாறவில்லை. உலகிலேயே அதிகமுறை பறந்த ராக்கெட் குடும்பம் அதுதான்.

அடுத்தமுறை சோயுஸ் கிளம்புற வீடியோ உங்க ஃபோன்ல வந்தா ஸ்க்ரோல் பண்ணாம ஒரு இரண்டு நிமிஷம் பாருங்க. வானம் தெளிவா இருந்தா, பக்கத்துல இருக்கிற நாலும் கழலும்போது ஒரு சிலுவை தெரியும். உயிரோட இருந்தவரைக்கும் வெளியே சொல்லாத அந்தப் பெயரை, ஒவ்வொரு முறையும் அந்த ராக்கெட்டே வானத்துல எழுதிட்டுப் போகுது.